ஆறாவது கம்பெனி

எங்கள் அத்தான் மொத்தம் நாற்பது கம்பெனிகளை நடத்தியவர். அதில் முப்பத்தொன்று முதலிடத்துக்கு வந்தது. நிஜத்தில் அவர் நடத்தியது ஒரே ஒரு பெயின்ட் கடை. அதைப் பதினான்கே மாதத்தில் இழுத்து மூடினார்கள்.

பக்கத்துக் கடைக்காரன் விலையைக் குறைத்தால் இவரும் குறைப்பார். அவன் மறுபடி குறைத்தால் இவரும் மறுபடி. கடைசியில் அவன் தப்பித்துக்கொண்டான், இவர் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு எங்கள் அப்பா சாகும்வரை அவரைத் தண்டச்சோறு என்றுதான் சொன்னார், அதுவும் அவர் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து. அக்கா தலையைக் குனிந்துகொண்டு பரிமாறுவாள். அத்தான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பார். அந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு எரிச்சல் வரும்.

அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். மேலாண்மைக் கல்லூரியில் நான் புள்ளியியல் பேராசிரியை. கறாராகச் சொன்னால் இணைப் பேராசிரியை. அந்த 'இணை' என்ற ஒட்டைப் பிய்த்து எறிய இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் மூக்குடைபட்டவள். எங்கள் கம்ப்யூட்டர் லேபில் தினக்கூலி உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. சேர்ந்த அன்று காலையிலேயே படிக்கட்டில் நிறுத்திச் சொன்னேன்.

"வீட்டுல என்னை எப்படி வேணா கூப்பிடுங்க அத்தான். இங்க மேடம்."

"சரி மேடம்" என்றார்.

பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட வாய் தவறவில்லை. வீட்டில் மட்டும் நான் 'வாலு'. அக்கா கல்யாணத்தின்போது எனக்குப் பதினாலு வயது. மாப்பிள்ளையின் செருப்பைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தேன். அன்று வைத்த பெயர். எனக்கு நரை வந்த பிறகும் வாசலில் என் தலையைக் கண்டால், "வாலு வந்துடுச்சு, டீ வை" என்பார். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை.

எங்கள் துறையின் பெருமை ஒரு விளையாட்டு. மாணவர்கள் குழு குழுவாகப் பிரிந்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கற்பனைச் சந்தையில் கற்பனைத் தண்ணீர் வடிகட்டி விற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் விலை என்ன, விளம்பரத்துக்கு எவ்வளவு, எத்தனை தயாரிப்பது, எத்தனை பேரை வேலையை விட்டுத் தூக்குவது என்று எண்களைப் போடுவார்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மோத விட்டு லாபத்தைச் சொல்லும். எட்டுச் சுற்றுதான். எட்டாவது முடிவதற்குள் நட்பு முறியும், காதல் முறியும், ஒருமுறை நாற்காலியும் முறிந்தது. இதை வைத்து ஆராய்ச்சி செய்வதுதான் எங்கள் பிழைப்பு.

இதில் ஒரு சிக்கல். வகுப்புக்கு முப்பது பேர், ஆறு ஆறு பேராக ஐந்து குழு. ஆனால் அந்த மென்பொருள் ஆறு கம்பெனி இல்லாமல் நகராது. ஆறாவது இடத்தைக் காலியாக விட்டால் சிவப்புக் கட்டம் வந்து நிற்கும். அதனால் அத்தானிடம் சொன்னேன்.

"ஆறாவதுல நீங்க உக்காருங்க. போன சுற்றுல என்ன எண் இருக்கோ அதையே திரும்பப் போடுங்க. யோசிக்கவெல்லாம் வேண்டாம்."

அவர் யோசித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

நான் கவனிக்கவே இல்லை. மாணவர்கள் அவரை 'ஆறு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "இந்தத் தடவையும் ஆறு நம்மளை அடிச்சிடுச்சுடா" என்று வராண்டாவில் பேசிக்கொள்வது காதில் விழும். ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டேன். தற்செயல் எது, இல்லாதது எது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் துறைத்தலைவர் எட்டு வருடமாக ஒரு கோட்பாட்டை வளர்த்துவந்தார். பெயர் நிதானக் கோட்பாடு. போட்டியாளரைப் பார்த்துப் பதறி முடிவுகளை மாற்றாத கம்பெனிதான் கடைசியில் வெல்லும் என்பது சாரம். இதைச் சொன்னவர் லிஃப்ட் வர அரை நிமிடம் தாமதமானால் கதவை உதைப்பவர். ஆனாலும் எண்கள் அவர் பக்கம் இருந்தன. நாற்பது விளையாட்டு, ஆட்டத்துக்கு ஆறாக இருநூற்று நாற்பது கம்பெனிகள். நான் கணக்கிட்டபோது நிதானமும் லாபமும் கைகோத்துக்கொண்டு நின்றன. பெரிய ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினோம். முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. அது வெளிவந்தால் என் பதவி உயர்வை யாராலும் தடுக்க முடியாது.

ஆய்விதழிலிருந்து கேள்விகள் வந்தன. ஒன்பது கேள்விகள் உப்புச்சப்பில்லாதவை. பத்தாவதுதான் வினை. ஆட்டம் முடிந்ததும் எல்லாக் குழுவும் ஒரு வினாத்தாளை நிரப்ப வேண்டும். ஆறாவது கம்பெனிக்கு மட்டும் நாற்பது ஆட்டத்திலும் வினாத்தாளே இல்லையே, அதை நடத்தியது யார் என்று கேட்டிருந்தார் முகம் தெரியாத அந்தப் புண்ணியவான்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆறாவதுகளை நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டேன். மிச்சம் இருநூறு மாணவர் கம்பெனிகள். நிதானத்துக்கும் லாபத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எட்டு வருடக் கோட்பாடு முழுவதும் அத்தான் ஒருவரின் தோளில் உட்கார்ந்திருந்தது. நாற்பது கம்பெனி என்று நான் எண்ணியது நாற்பதே அல்ல, ஒரே ஆள் நாற்பது தடவை விளையாடியது. முதல் வருட மாணவன் இந்தத் தப்பைச் செய்தால் விடைத்தாளை முகத்தில் விட்டெறிவேன்.

எப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆறாவதில் அத்தான் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவரை ஒரு ஆளாக நான் என்றைக்குமே நினைத்ததில்லை. அதனால் கழிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

தலைவர் அறையில் போய்ச் சொன்னேன். முதலில் கத்தினார். ஃபைலைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தார். அது குறி தப்பி ஜன்னலில் பட்டு விழுந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"அது ஒரு ஆள்னு யார் சொன்னா?"

"சார்?"

"ப்ரோக்ராம்னு எழுதுங்க. மாறாத விதிப்படி ஓடுற ஒரு ப்ரோக்ராம். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக நாமே வேணும்னு வெச்சோம். நிதானமான விதி ஒண்ணு இருநூறு குழுவை அடிச்சதுன்னு ஆகிடும். முன்ன இருந்ததைவிடப் பலமான முடிவு இது."

"ப்ரோக்ராமை அனுப்புங்கன்னு கேப்பாங்க சார்."

"எழுதிடுங்க. உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?"

நான் மறுத்திருக்கலாம். மறுக்க வேண்டும் என்று தோன்றியதா என்றால், இல்லை. ஒரு மாதம் வேண்டும் என்று சொன்னேன்.

அதே மாதத்தில்தான் கல்லூரியில் புது ஆணை வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யாரையும் தினக்கூலியில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குள் நேர்காணலில் தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அத்தானுக்கு நாற்பத்தைந்து பிறக்க ஐந்து மாதம் இருந்தது. அக்கா பல் ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் கொடுக்கிறாள். பெண் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த ஒரு நேர்காணலை நம்பித்தான் அந்த வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வாலு வந்துடுச்சு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, எப்படி ஆடுவார் என்று நான் கேட்டதுமே பீரோவின் அடித்தட்டிலிருந்து நோட்டுகளை எடுத்து வந்தார். ஒன்பது நோட்டுகள், எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, மேலே ஆட்டத்தின் எண். உள்ளே ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டம் போட்டு ஐந்து குழுவின் விலைகள், தன் விலை, பக்கத்தில் காரணம். அச்சுப் போன்ற கையெழுத்து.

"இந்த இடத்துல எல்லாரும் விலையைக் குறைச்சிருக்காங்க. நீங்க ஏன் குறைக்கல?"

"நம்ம கடைல அந்தத் தப்பைத்தானே பண்ணினேன் வாலு. பக்கத்துக் கடைக்காரன் குறைச்சான்னா ஏதோ தெரிஞ்சுதான் குறைக்கறான்னு நினைச்சேன். அவனும் பயந்துதான் குறைச்சிருக்கான். பயந்தவன் பின்னாடி நான் ஓடினேன்." சிரித்தார். "இதுல எத்தனை தடவை வேணா கடை போடலாம் இல்ல? ரெண்டு மூணு ஆட்டத்துல பிடிபட்டுடுச்சு. ரெண்டு சுற்று பொறுத்தா போதும், அவங்களே ஒருத்தரை ஒருத்தர் சாப்பிட்டுடுவாங்க. மூணாவது சுற்றுல சரக்கை ஏத்தணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

எனக்கு அவர் மேல் பொறாமை வந்தது. பதினைந்து வருடம் புள்ளியியல் படித்தும் சொல்லிக்கொடுத்தும் நான் கண்டுபிடிக்காத ஒன்றை, கடையைத் தொலைத்த மனிதர் பழுப்பு அட்டைக்குள் எழுதி வைத்திருக்கிறார். பொறாமையோடு பொறாமையாக, அவர் சொன்னதை எல்லாம் விதி ஒன்று, விதி இரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

அவர் பெண் மேசை ஓரத்தில் முழங்கை ஊன்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தி, எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். எம்.பி.ஏ. படிக்கிறவங்களையே எங்கப்பா தோக்கடிப்பாருன்னு."

"சும்மா இரு" என்று அத்தான் அவள் தலையில் தட்டினார். காது வரை சந்தோஷம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். ப்ரோக்ராம் தயாரானது. நாற்பது ஆட்டங்களில் முப்பத்தொன்பதில் அவர் போட்ட அதே எண்களை அதுவும் போட்டது. பதினேழாவது ஆட்டம் மட்டும் உதைத்தது. நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஏழாவது, எட்டாவது சுற்றில் காரணமே இல்லாமல் விலையை ஏற்றித் தோற்றிருந்தார். நோட்டிலும் காரணம் எழுதவில்லை. கேட்டேன்.

"மூணாவது குழுல ஒரு பொண்ணு. அவ சொன்னதை யாருமே கேக்கல. அவ சொன்ன விலைதான் சரியான விலை. வெளில நின்னு அழுதுட்டு இருந்தா. அப்புறம் ஆறாவது சுற்றுல எப்படியோ அவ பேச்சைக் கேட்டாங்க. சரி, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு ஒதுங்கிக்கிட்டேன்."

அந்த ஆட்டத்தைப் 'பதிவுப் பிழை' என்று குறித்து நீக்கினேன். முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பதும் பொருந்திவிட்டது.

வாசல்வரை வந்தவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டார்.

"வாலு, அந்தக் கட்டுரைல என் பேர் வருமா? இல்ல, நேர்காணல்ல காட்டினா ஒரு இது இருக்குமேன்னு…"

"பார்க்கலாம் அத்தான்" என்றேன். ஆட்டோவில் ஏறும்போது, பொய் சொல்லாமல் தப்பித்தோம் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது எனக்கு.

கட்டுரை இரண்டு மாதத்தில் வெளிவந்தது. தலைவர் துறைக்கே கேக் வெட்டினார். தட்டுகளை எடுத்துக் கொடுத்து, மேசையைத் துடைத்தது அத்தான்தான்.

நேர்காணல் பதிவாளர் அறையில். பதிவாளர், தலைவர், வெளியிலிருந்து வந்த ஒருவர், மூன்று பேர் மேசைக்குப் பின்னால். லேப் என் பொறுப்பு என்பதால் ஓரத்து நாற்காலியில் என்னையும் உட்கார வைத்தார்கள். அத்தான் தேய்த்த சட்டை போட்டு, புது ஃபைலோடு வந்தார். மூன்று பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வணக்கம்.

"நீங்க லேப்ல என்னென்ன வேலை செய்யறீங்க?" என்று பதிவாளர் கேட்டார்.

"மெஷின் எல்லாம் பார்த்துப்பேன் சார். அப்புறம் கேம்ல ஆறாவது கம்பெனி நான்தான் சார். நாற்பது ஆட்டம். முப்பத்தொண்ணுல முதல்." ஃபைலிலிருந்து எங்கள் கட்டுரையின் பிரதியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நம்ம தலைவர் சாரும் மேடமும் என் ஆட்டத்தை வெச்சு எழுதியிருக்காங்க சார்."

கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு அது ஓடாது. ஆனால் கம்பெனி என்ற வார்த்தையும் ஆறு என்ற எண்ணும் தெரியும். வந்த இடத்தில் எல்லாம் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார். இருபத்திரண்டு கோடுகள்.

பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் கோட்டுக்குப் பக்கத்தில் படித்தார். புரட்டி அடுத்ததைப் படித்தார்.

"இதுல ஆறாவது கம்பெனி ஏதோ ப்ரோக்ராம்னுல்ல போட்டிருக்கு?"

அத்தான் சிரித்தார். தப்பாகப் படித்துவிட்டார் பெரியவர் என்கிற மாதிரியான சிரிப்பு.

"இல்ல சார், நான்தான். மேடத்தையே கேளுங்க."

என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் துளி சந்தேகம் இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலைவர் மேசையில் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் பதவி உயர்வு ஃபைல் அதற்கு அடுத்த வாரம் அதே அறைக்கு வருவதாக இருந்தது.

"ப்ரோக்ராம்தான் சார்" என்றேன். "இவர் பட்டனை அமுக்குவார்."

வெளியிலிருந்து வந்தவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். பதிவாளர் பிரதியை மேசையில் போட்டார்.

"ஏம்பா, பட்டனை அமுக்க எதுக்கு நிரந்தரமா ஒரு ஆளு? அதையும் ப்ரோக்ராமே அமுக்கிக்காதா?"

"அமுக்கிக்கும் சார்" என்றார் தலைவர். பிறகு பெரிய மனது பண்ணி, "ஏதோ ஆர்வக்கோளாறுல சொல்லிட்டார். பொய் சொன்னார்னு எதுவும் எழுத வேண்டாம் சார், விட்டுடலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அத்தான் என்னை மறுபடி பார்க்கவில்லை. பிரதியின் தாள்கள் கலைந்து கீழே விழுந்திருந்தன. குனிந்து பொறுக்கி, பக்க எண்படி அடுக்கினார். "தேங்க்ஸ் சார், தேங்க்ஸ் மேடம்" என்றார். வெளியே போகும்போது கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்துச் சாத்தினார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்றுதான் போனேன். அக்கா ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி நடந்தது? கிடைக்கலங்கறார், அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கறார். நீ அங்கதானே இருந்தே?"

"போஸ்ட்டையே எடுத்துட்டாங்க அக்கா. யாரும் ஒண்ணும் பண்ண முடியல."

அவர் பெண் உள்ளேயிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் பழுப்பு நோட்டுகள் இரண்டு.

"சித்தி, ஜெயிச்சதெல்லாம் கம்ப்யூட்டராம். தான் சும்மா பட்டன்தான் அமுக்கினேன்னு அப்பாவே சொல்றார். நிஜமா?"

அவர் சமையலறை வாசலில் ஈரக் கையைத் துடைத்தபடி நின்றார். காலையில் நான் சொன்ன பொய்யை அவரே எனக்காகத் தன் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறார். அக்காவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இங்கே பதிவாளர் இல்லை, தலைவர் இல்லை. "இல்லடி, உங்கப்பாதான் ஜெயிச்சார்" என்று சொன்னால் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும்தான் எதிர்பார்த்தார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் கணக்குப் போட்டேன். இவள் பள்ளியில் சொல்வாள். அதில் யாராவது ஒருத்தியின் அப்பா எங்கள் கல்லூரியில் இருக்கலாம். பேச்சு நடந்து நடந்து பதிவாளர் காதுக்குப் போகலாம். நூற்றில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லாத விஷயம். அந்த ஒன்றுக்குப் பயந்தேன்.

"ஆமாண்டா கண்ணு" என்றேன். "ப்ரோக்ராம்தான்."

அவள் நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அந்தக் குடும்பத்தில் நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா அவரைச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிற பார்வை.

"அப்ப எதுக்குப்பா இத்தனை நோட்டு எழுதினே?"

"கையெழுத்து நல்லா வரணும்னுதான்" என்றார்.

நோட்டுகளை வாங்கி அலமாரியின் மேல் வைத்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, தோளில் கிடந்த துண்டால் தூசி தட்டி, என் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்க மேடம். டீ போடறேன்."

அக்காவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன, வீட்டுல போய் மேடம்?" என்றாள். அவர் உள்ளே போனார். அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது.

நான் உட்கார்ந்தேன். டீ வந்தது. எனக்கு ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சரியாக ஒன்றரை ஸ்பூன் போட்டிருந்தார்.